கோடைத் தொடக்கத்தில் கணவாய் வரை ஒரு நாள் மலையேற்றம்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கேள்வி

வணக்கம். நண்பர் ஒருவருடன் மலைக் கணவாய் ஒன்றுக்கு ஏறி, அன்றைக்கே இறங்கிவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். பாதை 2,300 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. கணவாய் 3,400 மீட்டரில் இருக்கிறது. ஒரு வழிக்கு 7 கிலோமீட்டர். இருவருக்கும் நெடுந்தூரம் நடந்து பழக்கம் உண்டு, ஆனால் பனியில் நடந்ததில்லை. அடிவாரத்தில் பனி முழுவதும் கரைந்துவிட்டது என்பதால், காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும் என்கிறார் நண்பர். அது சரிதானா?

மறுமொழி 1

ஒன்பது மணி மிகவும் தாமதம். 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம் வரும். ஓய்வும் பனியும் அதில் சேரவில்லை. ஆக, நீங்கள் கணவாயை எட்டும்போது பிற்பகலாகிவிடும். கோடையில் மலைகளில் இடிமேகம் திரள்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஒதுங்க இடமில்லாத கணவாயில் மின்னலுக்கு அகப்படுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. விடியற்காலையில் கிளம்பி, நண்பகலுக்கு முன்பே கணவாயை விட்டு இறங்கத் தொடங்குங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பனியைப் பொறுத்தவரை சீக்கிரம் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தெளிந்த வானமுள்ள இரவில் மேற்பரப்பு இறுகி, காலையில் கண்ணாடிபோல் வழுக்கும். வெயில் ஏறிய பிறகோ, அதே பனி முழங்கால் வரை, சில இடங்களில் தொடை வரை உள்வாங்கும். பாறைகளை ஒட்டிய இடங்களில் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் வெயிலில் சூடேறிய பாறை அடியில் இருக்கும் பனியைக் கரைத்துவிட, மேலே மெல்லிய ஓடு மட்டுமே மிஞ்சியிருக்கும். கிழக்கு நோக்கிய சரிவு முதலில் இளகும். வெயில் படாத சரிவு காலை முழுவதும் இறுகியே கிடக்கும். எனவே நீங்கள் ஏறும் பக்கம் எத்திசை நோக்கியது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் சிறு இரும்பு முட்களான மைக்ரோஸ்பைக்கும் ட்ரெக்கிங் கம்பும் மிதமான சரிவுக்குப் போதும். செங்குத்தான சரிவுக்கு, வழுக்கினால் பனியில் குத்தி நிறுத்த உதவும் பனிக்கோடரியும், அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். பயிற்சி இல்லாமல் கோடரியைச் சுமந்து செல்வதில் பயனில்லை என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

நன்றி. வழியில் பாலமில்லாத ஓடை ஒன்றும் இருக்கிறது. காலையில் எளிதாகக் கடந்துவிடலாம் என்கிறார்கள்.

மறுமொழி 3

கடக்கலாம், திரும்பும்போதுதான் தெரியும். பகல் முழுவதும் கரைந்த நீர் வந்து சேர்வதால், காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மாலையில் முழங்காலைத் தாண்டலாம். சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடையின் மேல் பனி மூடியிருந்து, அடியில் நீரோசை கேட்டால், அதன் மீது கால் வைக்காதீர்கள். கணவாயின் உச்சியில், காற்று மறைவான பக்கத்தில், விளிம்பைத் தாண்டிப் பனி நீட்டிக்கொண்டு நிற்கக்கூடும். எட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

கறுப்புக் கண்ணாடியை மறக்காதீர்கள். பனி ஒளியைக் கீழிருந்து திருப்பி அனுப்புவதால் சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் அடிப்புறத்திலும் பூச வேண்டும். அடிவாரத்தைவிடக் கணவாயில் சுமார் 7 டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும், காற்று வேறு; ஒரு கனத்த மேற்சட்டை அவசியம். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், ஏறுவதை நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

மறுமொழி 2 எழுதியவர்

ஒன்று விட்டுப்போயிற்று. எந்தப் பனிச்சரிவிலும் கால் வைக்கும் முன், வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று கீழே பாருங்கள். சமதரை என்றால் தொடரலாம். பாறையோ ஓடையோ இருந்தால், கணவாய் கண்ணெதிரே தெரிந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள்.