பெயர்ப்பலகை இல்லாத பழைய நாலரை அடி லேத்: வாங்கலாமா?

தென்னந்தோப்பு:

வணக்கம். சொந்த ஊர் பொள்ளாச்சி பக்கம், வேலை பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். அப்பா பம்ப்செட் மெக்கானிக். புஷ், ஷாஃப்ட் கடையறதுக்கு அவர் லேத் பட்டறைக்குப் போறப்ப நானும் கூடப் போவேன். டூல் நுனியில இருந்து நீலமா சுருண்டு வர்ற இரும்புச் சுருளைப் பாத்துக்கிட்டே நிப்பேன். அந்த ஆசை இன்னும் விடலை.

இப்போ கோயமுத்தூர் கணபதியில ஒரு பட்டறையை மூடுறாங்க. ஓரமா ஒரு நாலரை அடி லேத் கிடக்கு. கோன் புல்லி, பட்டை பெல்ட். நேம்பிளேட் இருந்த இடத்துல ரெண்டு ஓட்டை மட்டும்தான் இருக்கு. கடையற கம்பியைப் பிடிச்சுக்கற சக் முழுக்க துரு. பெயின்ட் மூணு அடுக்கு, ஒவ்வொண்ணும் ஒரு நிறம். மோட்டார் 1 ஹெச்.பி. மூணு ஃபேஸ், எங்க வீட்ல சிங்கிள் ஃபேஸ்தான். விலை 48,000 ரூபாய் சொல்றாங்க. பட்டறையில கரெண்டைத் துண்டிச்சுட்டதால ஓட்டிக் காட்ட முடியலை.

முழுசா பிரிச்சு, பெட்டுல (மத்த பாகமெல்லாம் உக்காந்திருக்கிற நீளமான அடித்தளம்) எமரி போட்டுத் தேச்சு பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்னு ஒரு நண்பர் சொல்றார். ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். எதை எதைப் பாக்கணும்?

ஆவாரம்பாளையம் டர்னர்:

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன். பெட்டுல எமரியைக் கொண்டுபோகாதீங்க. அந்தத் தூள் வார்ப்பிரும்புல பதிஞ்சு உக்காந்துக்கும். அப்புறம் டூலைத் தாங்கிப் பெட்டு மேல நகர்ற சேடில் போய்வர்றப்பவெல்லாம் அதுவே பெட்டை அரைச்சுத் தின்னும். மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பழைய பனியன் துணி, பொறுமை. இது போதும்.

நான் 41 வருஷம் லேத்துல நின்னவன். துருவும் பெயின்ட்டும் மேலோட இருக்கிற சங்கதி, அதைப் பாத்து விலையை முடிவு பண்ணாதீங்க. பாக்கோணும்னா பெட்டையும், சக்கைச் சுத்தற அச்சான ஸ்பிண்டிலையும் பாருங்க.

பெட்டு எப்பவும் சக்குக்குக் கிட்டத்தான் தேயும். நம்ம ஊர்ல வர்ற வேலை பெரும்பாலும் புஷ், பின், வாஷர்னு குட்டை வேலை. சேடில் அந்த ஒரு முழத்துக்குள்ளயே வருஷக்கணக்கா போய்ட்டு வந்துட்டு இருக்கும். சக்குக்கு எதிர்முனையில இருக்கற டெயில்ஸ்டாக் பக்கம் தேயாம அப்படியே இருக்கும். சேடிலை சக் கிட்ட கொண்டுவந்து, லாக் போல்ட்டை லேசா இறுக்குங்க. கைவீலைச் சுத்தினா கொஞ்சம் பிடிக்கோணும், அவ்வளவுதான். அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் நகத்துங்க. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி பிடிச்சா நல்ல பெட்டு. பாதி வழியில இறுகி நின்னா, எவ்வளவு சீக்கிரம் நிக்குதோ அவ்வளவு தேய்மானம்.

தேய்மானம் இருந்தா உடனே வேண்டாம்னு வந்துராதீங்க. நீங்க கணக்கு வாத்தியார், இதை நீங்களே போட்டுப் பாருங்க. 50 மி.மீ. விட்டத்துல ஒரு ஷாஃப்ட் கடையறீங்க, தேஞ்ச இடத்துல டூல் 0.1 மி.மீ. கீழ இறங்குது. பித்தாகரஸ் போட்டா ஆரம் 25.0002 வரும். மைக்ரோமீட்டர்ல கூடத் தெரியாது. அதே 0.1 டூல் பக்கவாட்டுல தள்ளிப்போச்சுன்னா விட்டம் முழுசா 0.2 மாறிப்போகும். அதனால பெட்டு மேல்பக்கம் தேஞ்சிருக்கறதை விட, சேடில் உக்கார்ற 'வி' மாதிரி இருக்கற பகுதியோட சரிவு ஒரு பக்கமா தேஞ்சிருக்கான்னு பாக்கறதுதான் முக்கியம். அதுல படி மாதிரி விழுந்திருந்தா நகத்தை வெச்சு இழுத்தாலே தட்டுப்படும். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு இப்படித் தேஞ்ச லேத்துலதான் பம்ப் ஷாஃப்ட் கடைஞ்சாரு. எந்த இடத்துல எவ்வளவு ஏமாத்தும்னு அவருக்குக் கையிலயே தெரியும்.

ஸ்பிண்டிலுக்கு: சக்குல ஒரு நல்ல கம்பியைப் பிடிச்சு, டயல் காஜை (துளி ஆட்டத்தையும் முள்ளுல காட்டற அளவுக்கருவி) சக்குக்குப் பின்னாடி ஸ்பிண்டில் மேலயே வெச்சுட்டு, கம்பியை மேலயும் கீழயும் நெம்புங்க. பழைய மெஷின், ஸ்பிண்டில் சுத்தறது கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்ஷா இருக்கும். கொஞ்சம் ஆடும், அதை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். ஸ்பிண்டிலைத் தாங்கற ஹெட்ஸ்டாக் வார்ப்புல விரிசலோ, பத்தவெச்ச தழும்போ இருந்தா மட்டும் திரும்பிப் பாக்காம வந்துருங்க.

டூலைக் குறுக்கே நகத்தற கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுத்து சும்மா சுத்தினாலும் பயப்பட வேண்டாம். நட்டுதான் தேஞ்சிருக்கும், கன்மெட்டல்ல புதுசா போட்டுக்கலாம். ஹெட்ஸ்டாக் கியரை ஒவ்வொரு பல்லா பெல்ட்டைக் கையால சுத்திப் பாருங்க.

இன்னொண்ணு, மறக்கவே கூடாது. மரை போடறப்ப மாத்தி மாத்தி மாட்டற சேஞ்ச் கியர் பெட்டி எங்கன்னு கேளுங்க. இந்த மாதிரி பழைய காலத்து லேத்துல லீட் ஸ்க்ரூ (மரை போடறப்ப சேடிலை நகத்தற நீளமான மரைத்தண்டு) பெரும்பாலும் இன்ச் கணக்கு, இன்ச்சுக்கு நாலு மரை. அதுல மில்லிமீட்டர் மரை போடோணும்னா 127 பல்லு கியர் வேணும். 25.4-ஐ அஞ்சால பெருக்குனா 127. அந்த ஒரு கியர் தொலைஞ்சிருந்தா விலையில 5,000 குறைச்சுக் கேளுங்க, தப்பே இல்லை.

மூணாவது ஃபேஸ்:

மோட்டார் பத்தி மட்டும் சொல்றேங்க. மோட்டாரை மாத்த வேண்டாம். சிங்கிள் ஃபேஸ் உள்ள போய் மூணு ஃபேஸ் வெளிய வர்ற வி.எஃப்.டி. டிரைவ் கிடைக்குது. ஆனா அது வெளிய குடுக்கிறது 230 வோல்ட் அளவுதான். மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்க. ஆறு முனையும் வெளிய வந்திருந்து, மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்புல கட்டினதா இருந்தா, 230-க்கு ஏத்த டெல்டா இணைப்பா மாத்திக்கலாம். மூணு முனைதான் வந்திருக்குன்னா ரீவைண்டிங்காரர்கிட்ட கொண்டுபோங்க.

ஒரு எச்சரிக்கை. சக் மரையில மாட்டினதா இருந்தா டிரைவ்ல ரிவர்ஸ் வைக்காதீங்க, பிரேக்கிங்கும் வேண்டாம். ஸ்பிண்டில் சட்டுனு நின்னா சக் மட்டும் சுத்திக் கழண்டு வந்துரும். பத்து கிலோ இரும்பு கால்ல விழறதை நான் நேர்ல பாத்திருக்கேன்.

தென்னந்தோப்பு:

போய்ட்டு வந்தேன் ஐயா. நீங்க எழுதினதைத் தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனேன்.

சேடில் ஏறக்குறைய முக்கால் தூரம் ஒரே மாதிரி வந்துச்சு, அப்புறம்தான் இறுகுச்சு. 'வி' சரிவுல நகம் எங்கயும் தட்டலை. ஸ்பிண்டில் 0.06 மி.மீ. ஆடுச்சு. விரிசல் இல்லை. பேக் கியர்ல ஒரு பல்லு மூலை உடைஞ்சிருக்கு, பாதிக்கும் மேல மிச்சம் இருக்கு.

கியர் பெட்டி கேட்டா ஓனருக்கே ஞாபகம் இல்லை. அவரோட அம்மாதான் திண்ணைக்கு அடியில ஒரு மண்ணெண்ணெய் டின் இருக்குன்னு எடுத்துக் குடுத்தாங்க. கிரீஸ் உறைஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு. பெரிய கியரா ஒண்ணை எடுத்து, ஒரு பல்லுல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன். 127.

45,000-க்கு முடிச்சாச்சு. இப்போ ரெண்டு சந்தேகம். வண்டியில எப்படி ஏத்தறது? சக் மரையில மாட்டினதுதான், அசையவே மாட்டேங்குது, எப்படிக் கழட்டறது?

ஆவாரம்பாளையம் டர்னர்:

படிக்கப் படிக்க மனசு குளுந்துச்சு தம்பி. அந்தம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. உடைஞ்ச பல்லை இப்போ தொட வேண்டாம், பேக் கியர் மெதுவா ஓட்டறப்பத்தான் வேணும்.

ஏத்தறப்ப சங்கிலி வேண்டாம், நாடா பெல்ட் போடுங்க. அது லீட் ஸ்க்ரூ மேலயோ அதுக்குப் பக்கத்துல ஓடற ஃபீட் ராடு மேலயோ படக்கூடாது, பட்டா வளைஞ்சிரும். ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளி லாக் பண்ணுங்க. லேத் மேல்கனம் உள்ளது, லேசா சாஞ்சாலும் புரண்டுரும். பக்கத்துல யாரும் கையைக் குடுத்துத் தாங்கப் போகக்கூடாது.

சக்கைக் கழட்ட பேக் கியரைப் போட்டு லாக் பண்ணி அடிக்கிறவங்க உண்டு. உங்க கியர்ல ஏற்கெனவே ஒரு பல்லு போயிருக்கறது அப்படித்தான் இருக்கும். நீங்க அதைச் செய்யாதீங்க. மரையில துருவை இளக்கற எண்ணெயை விட்டு ரெண்டு நாள் ஊறப்போடுங்க. அப்புறம் பெட்டு மேல பலகை வெச்சு, பின்பக்கம் சக்கோட தாடைக்கு அடியில ஒரு கட்டையை நிறுத்துங்க. பெல்ட்டைக் கையால பிடிச்சு, ஸ்பிண்டிலைப் பின்பக்கமா வெடுக்குனு சுத்துங்க. தாடை கட்டையில இடிக்கும். நாலு தடவை, அஞ்சு தடவை. விட்டுக்கொடுக்கலைன்னா இன்னொரு நாள் ஊறட்டும்.

கழண்டதும் மரையைத் தொடைச்சுட்டு ஒரு படம் போடுங்க, பாக்கறேன்.