முன்னால் நான்கு, பின்னால் நான்கு எழுத்துப் போதுமாம்!

கொட்டாஞ்சேனை_கோடர்:
நேற்று எங்கள் கொழும்பு டெவலப்பர் வட்ஸ்அப் குழுவில் பம்பலப்பிட்டி_பிக்சல் ஒரு ஸ்கிரீன்ஷொட் போட்டு, கிரிப்டோ வொலட் முகவரியை, அதாவது காசு போய்ச் சேரும் இடத்தைச் சொல்லும் 42 எழுத்துத் தொடரை, தெளிவாகக் காட்டுவது எப்படி என்று பாடம் எடுத்திருந்தார். 0எக்ஸ் (0x) என்ற இரண்டெழுத்து முன்னொட்டுக்குப் பிறகு நான்கு எழுத்து, நடுவில் மூன்று புள்ளி, கடைசியில் நான்கு எழுத்து. "மீதி 32 எழுத்தும் திரைக்குக் குப்பை" என்று வேறு எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் ஸ்டிக்கருக்குள் மூழ்கிவிடும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

2024 மே மாதம் ஒருவர் 1,155 ராப்ட் பிட்கொயினை (பிட்கொயின் விலையைப் பின்தொடரும் டோக்கன்), அன்றைய விலையில் கிட்டத்தட்ட 6.8 கோடி டொலரை, போலி முகவரிக்கு அனுப்பினார். உண்மையான முகவரிக்கும் போலிக்கும் 0எக்ஸுக்குப் பின் முதல் நான்கு எழுத்தும் ஒன்று, கடைசி ஆறு எழுத்தும் ஒன்று. நடுப்பகுதி முழுக்க வேறு. இவர் குப்பை என்று சொல்லும் அதே நடுப்பகுதிதான். காசு அனுப்பும் திரையில் அந்த மூன்று புள்ளியை வைக்கிறவர் அந்தக் காசுக்குப் பொறுப்பு நிற்பாரா?

பம்பலப்பிட்டி_பிக்சல்:
குழுவில் கதைத்ததை வெளியில் கொண்டுவந்து போடுவது உமக்குப் பழக்கம்தானே. சரி, கேட்கிறேன். அந்த ஆளுக்கு 42 எழுத்தையும் காட்டியிருந்தால் உட்கார்ந்து வாசித்திருப்பாரா? எவர் வாசிக்கிறார்? முழு நீளத்தையும் கொட்டினால் கண் தானாகவே முதல் நான்கையும் கடைசி நான்கையும்தான் பார்க்கும். நான் செய்தது, கண் பார்ப்பதை மட்டும் காட்டியது. அப்புறம், அந்தத் திருடன் சில நாட்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதை ஏன் மறைத்தீர்?

கொட்டாஞ்சேனை_கோடர்:
திருடன் திருப்பிக் கொடுத்ததை உங்கள் டிசைனின் கணக்கில் வரவு வைக்கிறீர்களா? அவன் கொடுக்காமல் போயிருந்தால் கேட்க எந்த வங்கியும் இல்லை, எந்த நீதிமன்றமும் அந்தப் பரிமாற்றத்தைத் திருப்பாது.

எவரும் வாசிப்பதில்லை என்கிறீர்கள். வாசிக்க நினைப்பவருக்கும் நீங்கள் வழியை அடைத்துவிட்டீர்கள், என் கோபம் அதற்குத்தான். நான்கும் நான்கும் எட்டு ஹெக்ஸ் எழுத்து, ஒவ்வொன்றும் 16 எழுத்தில் ஒன்று. 16ஐ எட்டுத் தடவை பெருக்கிப் பாருங்கள்: 429 கோடிச் சொச்சம். பெரிய எண் மாதிரித் தெரியும். ஆனால் அந்த எட்டு எழுத்தும் பொருந்தும் முகவரியைக் கண்டுபிடிப்பது ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் கார்டுக்கு நிமிடக் கணக்கு வேலை. விரும்பிய எழுத்தில் முகவரி செய்து தரும் மென்பொருள்கள் வருடக்கணக்காக இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

பிறகு திருடன் செய்வது இதுதான். அந்தப் போலி முகவரியிலிருந்து உங்கள் வொலட்டுக்குச் சில சதத்தை அனுப்புவான். சிலர் பூஜ்யத் தொகையில், நீங்களே அனுப்பியது போலத் தெரியும் பதிவைக்கூட உண்டாக்குவார்கள். டோக்கனை நகர்த்தும் நிரலான டோக்கன் ஒப்பந்தத்தில் பூஜ்யத்தை நகர்த்த உங்கள் அனுமதி தேவையில்லை. அது உங்கள் பழைய பரிமாற்றப் பட்டியலில் வந்து உட்காரும். அடுத்த முறை நீங்கள் பட்டியலிலிருந்து நகலெடுப்பீர்கள். பட்டியலில் தெரிவது நான்கும் மூன்று புள்ளியும் நான்கும். முடிந்தது கதை.

தெகிவளை_சீனியர்:
இரண்டு பேரும் அடிப்படையையே விட்டுவிட்டீர்கள். முதலில் எழுத்துரு. சைபருக்கு உள்ளே கோடு போட்ட எழுத்துரு பாவித்தால் பாதிப் பிரச்சினை தீரும். சைபரும் ஓவும் ஒரே மாதிரித் தெரிந்தால் முழு முகவரி காட்டி என்ன, அரை முகவரி காட்டி என்ன? நான் டொட்கொம் காலத்திலிருந்து திரைக்கு எழுத்து வைக்கிறவன்.

கொட்டாஞ்சேனை_கோடர்:
ஐயா, மன்னிக்க வேண்டும், எத்தேரியம் (0எக்ஸ் என்று தொடங்கும் முகவரிகளின் வலையமைப்பு) முகவரியில் ஓ என்ற எழுத்தே கிடையாது. 0 முதல் 9, ஏ முதல் எஃப், அவ்வளவுதான். பிட்கொயினின் பழைய முகவரிகளில் சைபர், பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல் நான்கையும் வேண்டுமென்றே தூக்கிவிட்டார்கள். பிசி1 என்று தொடங்கும் புதிய முகவரிகளில், அந்த முன்னொட்டைத் தாண்டினால் 1, பி, ஐ, ஓ வராது. எத்தேரியத்தில் குழப்பம் வருவதானால் எட்டுக்கும் பெரிய பிக்கும், ஆறுக்கும் சின்ன பிக்கும்தான் வரும்.

தெகிவளை_சீனியர்:
எனக்கு ஹெக்ஸ் படிப்பிக்க வர வேண்டாம், தம்பி. முகவரியின் முதல் எழுத்தே சைபர்தானே? அதை ஓ என்று தட்டுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சைபருக்குக் கோடு வேண்டும். அதை மறுத்து ஒரு வரி சொல்லும் பார்ப்போம்.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
இவரோடு மல்லுக்கட்டாதீர்கள் சீனியர். போன வருஷம் யூனியன் பிளேஸ் மீட்டப்பிலும் இப்படித்தான். கேள்வி கேட்டவரை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலிக்குப் பாடம் எடுத்தார்.

கொட்டாஞ்சேனை_கோடர்:
அந்த மீட்டப்பில் என் பேச்சுக்கு நடுவில் எழும்பி வெளியே போனவர் நீங்கள். பேசியது என்னவென்று தெரியாமல் இன்றைக்கு அதைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்.

மொரட்டுவை_தம்பி:
அண்ணைமார், நான் கம்பஸ் இறுதியாண்டு. எங்கள் புரொஜெக்டில் முழு முகவரியைப் போட்டால் பெட்டியைத் தாண்டி வெளியே ஓடுகிறது. நாலு நாலாகப் பிரித்து இடைவெளி விட்டேன், நகலெடுத்து ஒட்டும்போது இடைவெளியும் சேர்ந்து வந்து முகவரி செல்லாது என்கிறது. என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை_கோடர்:
தம்பி, முகவரிக்குள் இடைவெளி இல்லாததால் உலாவிக்கு எங்கே வரியை உடைப்பது என்று தெரியாது. சிஎஸ்எஸ்ஸில் வேர்ட்-பிரேக் என்பதற்கு பிரேக்-ஆல் கொடுங்கள். நாலு நாலாகப் பிரிக்க இடைவெளி எழுத்தைப் போடாதீர்கள். ஒவ்வொரு நாலையும் ஸ்பான் என்ற எச்டிஎம்எல் உறைக்குள் வைத்து மார்ஜின் கொடுங்கள், கண்ணுக்கு இடைவெளி தெரியும், நகலில் வராது. யூசர்-செலக்ட்டுக்கு ஆல் கொடுத்தால் ஒரு தட்டலில் முழு முகவரியும் தெரிவாகும். டெக்ஸ்ட்-ட்ரான்ஸ்ஃபோர்மில் அப்பர்கேஸ் போடவே கூடாது. 2016இல் வந்த ஈஐபி-55 என்ற எத்தேரியம் ஆவணத்தின் முறையில் எந்த எழுத்து பெரியது, எது சின்னது என்பதே ஒரு செக்சம், அதாவது முகவரியில் பிழை உண்டா என்று பார்க்கும் சோதனைக் குறி. எல்லாவற்றையும் பெரிதாக்கினால் அந்தச் சோதனை போய்விடும்.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
பார்த்தீர்களா, அவரே சொல்கிறார், செக்சம் இருக்கிறது என்று. தட்டச்சில் பிழை விட்டால் சிஸ்டம் பிடிக்கும். பிறகு மனிதன் எதற்கு 42 எழுத்தைப் பார்க்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை_கோடர்:
செக்சம் பிடிப்பது கை தவறியதை. தற்செயலாகப் பிழைத்த முகவரி தப்பிப் போகும் வாய்ப்பு 0.0247 சதவீதம் என்று அந்த ஆவணமே சொல்கிறது, ஓம், அருமையான வேலை. ஆனால் போலி முகவரி பிழையான முகவரி இல்லை. அது திருடனுடைய முழுச் சரியான முகவரி, அதன் செக்சமும் சரி. அதைப் பிடிக்க உங்கள் கண்ணைத் தவிர வேறு எதுவும் அந்தத் திரையில் இல்லை. அந்தக் கண்ணுக்கு நீங்கள் மூன்று புள்ளியைக் காட்டுகிறீர்கள். நகல் பலகையில் முகவரியை மாற்றிவிடும் வைரஸும் இதே ஓட்டைக்குள்ளால்தான் வருகிறது.

காலிவீதி_வாசகன்:
இதெல்லாம் நம் நாட்டில் முதலில் செல்லுமா? மத்திய வங்கி 2018இலிருந்து திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டிருக்கிறது. கிரெடிட் கார்டாலோ டெபிட் கார்டாலோ கிரிப்டோவுக்குக் காசு கட்ட முடியாது. இதற்கு முகவரி அழகாகத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

கொட்டாஞ்சேனை_கோடர்:
நான் ஒரு சதத்துக்கும் கிரிப்டோ வாங்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் திரை செய்து கொடுக்கிறோம், சம்பளம் வங்கிக்கு வருகிறது. நம் திரையை நம்பி வேறு நாட்டில் ஒருவர் தன் சேமிப்பை அனுப்புகிறார். அவர் எந்த நாட்டுக்காரர் என்பதால் நம் பொறுப்புக் குறையாது.

காலிவீதி_வாசகன்:
எச்சரிக்கையை நீர் வாசித்ததாகத் தெரியவில்லை.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
நடைமுறைக்கு வாருங்கள். நம் ஆட்கள் கையில் இருப்பது 360 பிக்சல் அகல போன். முழு முகவரி ஒரு வரியில் அடங்காது. உடைந்து உடைந்து கீழே போய், அனுப்பும் பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளும். வாடிக்கையாளர் என்ன சொல்வார் தெரியுமா? நான்கும் நான்கும் போதும்.

கொட்டாஞ்சேனை_கோடர்:
கணக்குப் போட்டீர்களா, சும்மா சொல்கிறீர்களா? எல்லா எழுத்தும் ஒரே அகலமான 14 பிக்சல் மொனோஸ்பேஸ் எழுத்துருவில் ஓர் எழுத்து ஏறத்தாழ 8.4 பிக்சல். 42 எழுத்துக்கு 353. இரண்டு ஓரத்திலும் 16 விட்டால் மிஞ்சுவது 328, ஒரு வரியில் அடங்காது, சரி. 21, 21 ஆக இரண்டு வரி போடுங்கள். 177 பிக்சல் அகலம் போதும், உங்கள் பொத்தான் ஓர் அங்குலம்கூட ஓடாது. பட்டியலில் இடமில்லை என்றால் பெயரை வையுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். உறுதி செய்யும் திரையில் மட்டும் முழுதாகக் காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
பிட்கொயினின் புதிய வகையான டாப்ரூட் முகவரி 62 எழுத்து. அதற்கு மூன்று வரியா?

கொட்டாஞ்சேனை_கோடர்:
மூன்று வரிதான். போனால் திரும்பாத காசுக்கு மூன்று வரி பெரிய விலையா?

வெள்ளவத்தை_நிலா:
பார்வையில்லாதவர்களோடு சேர்ந்து ஆப் சோதிக்கிறவள் நான். உங்கள் மூன்று புள்ளி, திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பல இடங்களில் முகவரியை நிரலிலேயே வெட்டிவிடுகிறார்கள், அவர்களுக்கு நடுப்பகுதி என்று ஒன்றே கிடையாது. முழுதாகப் போட்டாலும் 42 எழுத்தை ஒரே மூச்சில் வாசித்தால் எவருக்கும் விளங்காது. நாலு நாலாக நின்று வாசிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_கோடர்:
அக்கா சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாக இருக்க வேண்டும்.

வெள்ளவத்தை_நிலா:
நான் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான், தம்பி. நாலு நாலாக ஸ்பான் போடச் சொன்னீர்களே, அதை எந்த ரீடரிலாவது கேட்டுப் பார்த்தீர்களா?

தெகிவளை_சீனியர்:
எழுத்துருவைப் பற்றி ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
சரி, உங்கள் வாயை அடைக்க முன்னால் ஆறு, பின்னால் நான்கு என்று மாற்றுகிறேன். பத்து எழுத்து. இப்போது சந்தோஷமா?

கொட்டாஞ்சேனை_கோடர்:
6.8 கோடி டொலர் போனதும் பத்து எழுத்து பொருந்திய முகவரியால்தான். முன்னால் நான்கு, பின்னால் ஆறு. முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் முன்னையும் பின்னையும் இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
உலகத்தில் பாதி வொலட் சுருக்கித்தான் காட்டுகிறது. அவர்கள் எல்லோருக்கும் மூளை இல்லை, கொட்டாஞ்சேனையில் உள்ளவருக்கு மட்டும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை_கோடர்:
பாதி வொலட் செய்வதால்தான் திருடனுக்கு இந்தத் தொழில் ஓடுகிறது. எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நடுவில் உள்ள எழுத்தை எதற்கு மறைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மொரட்டுவை_தம்பி:
அண்ணை, பிரேக்-ஆல் வேலை செய்தது, நன்றி. ஆனால் எங்கள் சுப்பர்வைசர் நான்கும் நான்கும் போடச் சொல்கிறார்.

பம்பலப்பிட்டி_பிக்சல்:
உங்கள் சுப்பர்வைசருக்கு விஷயம் தெரிகிறது.

கொட்டாஞ்சேனை_கோடர்:
தம்பி, இந்தத் திரியின் இணைப்பை அவருக்கு அனுப்புங்கள். அவரே வந்து இங்கே எழுதட்டும்.