டிஸ்ட்ரிபியூட்டர் வால்வுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து:
வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகச் சரக்கு ரயில் பிரேக் சோதனைக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு வேகனின் அடியிலும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு உண்டு. பிரேக் குழாயில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. ஓட்டுநர் அதைக் குறைத்ததும் இந்த வால்வு துணைக் கலத்துக் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திருப்பிவிடும். 'பகிர்மான வால்வு' என்று எழுதினேன். மின்வாரியம் நினைவுக்கு வருகிறது என்கிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து:
வால்வுக்கு 'ஓரதர்' இருக்கிறதே! அதர் என்றால் வழி. சங்கப் பாடல்களில் புழங்கிய சொல். பகிர் + அதர் = பகிரதர். வினைத்தொகை என்பதால் முக்காலமும் அடங்கும்.

திருவாரூரிலிருந்து:
மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அழுத்தக் குறைவும் அப்படித்தான், கடைசி வேகனுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்கிறது. 'பகிர்மடை' என்றால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கும்பகோணத்திலிருந்து:
மடைக்குச் சோறு என்றும் பொருள் உண்டு. மடைப்பள்ளி அப்படி வந்ததுதான். பழந்தமிழில் மடையன் சமையற்காரன். மேலும், மடை திறக்கும், மூடும். இந்த வால்வு அழுத்தங்களை ஒப்பிட்டல்லவா முடிவெடுக்கிறது?

நாகூரிலிருந்து:
ஐயா, ஓரதர் ஒருவழி என்றால் இதற்கு ஒத்துவராது. பிரேக்கை விடும்போது சிலிண்டர் காற்று இதே வால்வு வழியாகத்தான் வெளியேறுகிறது. காரைக்கால் துறைமுக நிலக்கரி ரேக்குகளில் வேலை பார்த்த எங்களுக்கு இது 'டீவி', டிஸ்ட்ரிபியூட்டர் வால்வின் ஆங்கிலச் சுருக்கம். டார்ச் அடித்து, குனிந்து, பிஸ்டன் உள்ளே போய்விட்டதா என்று வண்டி வண்டியாகப் பார்ப்போம். டீவி மந்தமாகிப் பிரேக் விடாமல் நின்றால் பிரேக் கட்டை தேய்ந்து கருகும் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். அப்படியே ஓடினால் சக்கரமும் கெடும். பிட்டர் வாயில் நிற்காத சொல் எதற்கு?

திருச்சியிலிருந்து:
சரி, இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. சோதனையில் 6 விநாடிக்குள் 0.6 கிலோ குறைந்தால் வால்வு பிரேக் பிடித்தே ஆகவேண்டும், இது 'உணர்திறன்'. 60 விநாடியில் 0.3 கிலோ மட்டும் குறைந்தால் பிடிக்கவே கூடாது. ஆங்கிலத்தில் இது 'இன்சென்சிடிவிட்டி'. அகராதிப்படி 'உணர்வின்மை' என்று எழுதினால் மாணவன் அதைப் பழுது என்றே நினைப்பான். உண்மையில் அது வால்வின் நல்ல குணம். நீண்ட ரயிலில் சிறு கசிவு இல்லாமல் இருக்காது. அதற்கெல்லாம் பிரேக் பிடித்தால் வண்டி நகராது.

கும்பகோணத்திலிருந்து:
'கசிவுப்பொறை'.

நாகூரிலிருந்து:
இது நல்ல சொல், ஐயா. ஆனால் முதல் தடவை 'கசிவு தாங்கும் திறன்' என்று விளக்கிவிடுங்கள் தம்பி.

திருவாரூரிலிருந்து:
எனக்கும் சம்மதம். பகிர்மடையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

திருச்சியிலிருந்து:
நன்றி. கசிவுப்பொறை உள்ளே வந்துவிட்டது. மற்றது இப்போதைக்குப் பகிர்மான வால்வுதான். பணிமனையில் டீவி என்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறேன். இன்றிரவு அனுப்பியாக வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:
பகிர்மான வால்வுக்கு நான் உடன்படவில்லை. நாகூர் நண்பர் சொன்னபடி காற்றுக்கு இரு வழி என்றால், 'ஈரதர்' என்று வைக்க என்ன தடை?