பொய்ப்பூச்சிச் சாயங்களுக்கு ஒரு கலைச்சொல்: ‘கவர்’ என்னும் அடை பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ட்ரவுட் மீனைப் பிடிப்பதற்காகத் தூண்டில் கொக்கியில் இறகும் நூலும் கொண்டு கட்டும் போலிப் பூச்சிகளே பொய்ப்பூச்சிகள். அவற்றைக் கட்டுவதற்கென்றே தனியாகச் சாயமேற்றி விற்கப்படும் இறகு, உரோமம், நூல் ஆகியவற்றைக் ‘கவர்சாயப் பொருள்கள்’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். வினைத்தொகையாக அமைந்த சொல். சுருக்கமானது, ஓசையும் இனியது. ஆயினும் அதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தச் சாயம் மீனைக் கவர்கிறதா என்பதே இன்னும் வாதத்தில் இருக்கும்போது, கவர்கிறது என்ற தீர்ப்பைப் பெயருக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால், பின்னால் வரும் படிப்பாளி கேட்க வேண்டிய கேள்வியை நாமே அடைத்துவிடுகிறோம்.

‘பொய்ப்பூச்சி’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆங்கிலத்தில் இதை ‘ஃபிளை’ (fly) என்பர். அதை ‘ஈ’ என்று பெயர்த்தால் வீட்டு ஈதான் நினைவுக்கு வரும். தூண்டில்காரர் கட்டுவதோ மேஃபிளை, காடிஸ் போன்ற நீர்ப்பூச்சிகளின் உருவத்தையும், அவற்றின் இளம்பருவ உருவத்தையும்.

> விற்பனை அட்டைகளில் ‘யுவி’ என்றே இருப்பதால் ‘புறஊதாச் சாயம்’ என்று வைத்தால் போதாதா?

போதாது என்பது மட்டுமன்று, அது தவறான வழியிலும் கொண்டுபோய் விடும். அந்த இரண்டு எழுத்துகளின் கீழ் முற்றிலும் வேறான இரண்டு பண்புகள் விற்கப்படுகின்றன. ஒன்று, தன்மேல் விழும் புறஊதாக் கதிரைப் புறஊதாவாகவே திருப்பி அனுப்புவது. மனித விழியின் லென்ஸ் 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், இப்பண்பை நாம் வெறுங்கண்ணால் காண முடியாது. அதற்குரிய வடிகட்டி பொருத்திய ஒளிப்படக் கருவி வேண்டும். மற்றொன்று, புறஊதாவையோ நீல ஒளியையோ உட்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுவது. கடைகளில் புறஊதா விளக்கைப் பிடித்துக் காட்டும்போது பளிச்சென்று எரிவது இந்த இரண்டாவது வகை மட்டுமே. புறஊதாவை நன்றாக உட்கொள்ளும் பொருள் அதைக் குறைவாகவே திருப்பி அனுப்பும் என்பதால், விளக்கின் கீழ் மிகப் பிரகாசமாகத் தெரியும் இறகு, புறஊதாவைக் காணும் விழிக்கு அந்த அலைவரிசையில் இருண்டே தெரியக்கூடும். ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு பண்புகளுக்கு ஒரே பெயரை வைப்பது கலைச்சொல்லின் வேலையன்று.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல சலவைத்தூள்களில் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் கலந்திருக்கின்றன. அத்தகைய தூளில் கழுவிய சாதாரண வெள்ளை இறகும் அந்த விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். ஆகவே விளக்குச் சோதனையைத் தனிச்சாயத்திற்கான சான்றாக எவரும் கொள்ள வேண்டாம்.

இனி மீனின் பக்கம். ரெயின்போ ட்ரவுட்டின் விழித்திரையில் குஞ்சுப் பருவத்தில் நிறத்தை உணரும் கூம்புசெல்கள் நான்கு வகை உள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 360 நானோமீட்டர் அளவில் கூருணர்வு கொண்டது. நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குயிர்களைத் தேடியுண்ணும் அந்தப் பருவத்தில் இந்தப் பார்வை குஞ்சுகளுக்கு உதவுகிறது. மீன் வளர வளர, அந்தச் செல்களில் பல நீலத்தை உணரும் நிறமிக்கு மாறிவிடுகின்றன, சில மறைந்தும் போகின்றன. தூண்டில்காரர் விரும்பும் அளவுக்கு வளர்ந்த மீனிடம், புறஊதாவை எதிரொளிக்கும் சாயத்தைக் காண்பதற்கான கருவியே பெரிதும் குறைந்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். இலைதழை ஊறித் தேநீர் நிறமான ஆற்றில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் புறஊதாவை விரைவாக உறிஞ்சிவிடும். அங்கே இந்த வாதத்துக்கு இன்னும் இடம் குறைவு.

ஒளிரும் வகைக்கு இதைவிட வலுவான அடிப்படை உண்டு என்று கருதுகிறேன். தெளிந்த நீரில் ஆழம் கூடக் கூடச் சிவப்பொளி முதலில் குறைகிறது. சாதாரணச் சிவப்பு, ஆரஞ்சுச் சாயங்கள் அங்கே மங்கிக் கருமையாகின்றன. ஒளிரும் ஆரஞ்சோ, அவ்விடத்தில் எஞ்சியிருக்கும் நீல, பச்சை ஒளியை உட்கொண்டு ஆரஞ்சாகவே வெளியிடுகிறது. ஏரியின் ஆழத்தில் தாழ்த்தி மீன்பிடிப்பவருக்கு இது உண்மையான வேறுபாடு. முழங்காலளவு நீரோடையில் சிவப்பொளி அவ்வளவாக இழக்கப்படுவதில்லை என்பதால், அதே சாயத்தால் அங்கே கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. இருட்டிய பின் மீன், மங்கிய ஒளியை உணரும் கோல்செல்களைக் கொண்டே பார்க்கிறது. அப்போது நிறத்தைவிடக் கருமைக்கும் வெளிர்மைக்கும் இடையிலான வேறுபாடே முக்கியமாகும். நீரின் மேல் மிதக்கும் பொய்ப்பூச்சியின் நிலையோ வேறு. ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டத்தின் வழியாகத்தான் மீனுக்கு மேலுலகம் தெரிகிறது. அந்த வட்டத்துக்குள் வரும் பூச்சியின் பின்னால் வெளிச்சமான வானம் இருப்பதால், சாயத்தின் நுட்பத்தைவிட வடிவமும் அளவும் கால்கள் நீர்ப்பரப்பை அழுத்தும் விதமுமே மீனுக்கு எடுப்பாகத் தெரியும்.

> அனுபவசாலிகள் குறிப்பிட்ட சாயங்களை இவ்வளவு நம்பும்போது, அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

இந்தக் கேள்வியை மதிக்கிறேன். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் ஆற்றுக் காவலராகப் பணியாற்றிய ஃபிராங்க் சாயர், ட்ரவுட்டுக்கு உறவான கிரேலிங் மீனுக்காகக் ‘கில்லர் பக்’ என்ற பொய்ப்பூச்சியைச் சாட்விக் நிறுவனத்தின் 477 எண்ணுள்ள கம்பளி நூலால் கட்டினார். நனைந்தால் இளஞ்சிவப்புச் சாயல் காட்டும் அந்த நூலின் உற்பத்தி நின்றபின், எஞ்சிய நூலட்டைகளைத் தூண்டில்காரர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடினார்கள். ஆனால் அதே சாயர் உருவாக்கிய ‘ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்’ சாயம் அறவே ஏறாத ஃபெசன்ட் பறவையின் வாலிறகாலும் செப்புக் கம்பியாலும் மட்டுமே ஆனது. அது இன்றளவும் உலகெங்கும் ட்ரவுட் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை பொய்யென்று நான் சொல்லவில்லை. நம்பிய பூச்சியை ஒருவர் நெடுநேரம் நீரில் வைத்திருக்கிறார், கவனமாக வீசுகிறார், நல்ல இடத்தில் விடுகிறார். கூடுதல் மீன் அதனாலும் வரலாம். சாயத்தின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால், அளவும் எடையும் உருவமும் ஒன்றான இரண்டு பூச்சிகளை, எது எதுவென்று வீசுபவருக்கே தெரியாதபடி, ஒரே நீரில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அப்படி ஒப்பிடாமல் கரையில் சொல்லப்படும் வெற்றிக்கதையின் மேல் ஒரு கலைச்சொல்லை நிறுத்த முடியாது.

‘ஒளிச்சாயம்’ என்ற மாற்று முன்மொழிவும் சிக்கலானது. வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு, ஒளிப்படம் கழுவும் முறையைப் போலச் சேவலின் கழுத்திறகைச் சாம்பல் நிறமாக்கும் ஒரு முறை ஏற்கெனவே உண்டு. ‘ஒளிச்சாயம்’ அதற்குத்தான் இயல்பாகப் பொருந்தும். அதை அதற்கே விட்டுவைப்போம்.

எனவே பொதுப்பெயராகத் ‘தனிச்சாயப் பொருள்’ என்பதையும், அதன் கீழ் பண்பைச் சுட்டும் மூன்று பெயர்களையும் முன்வைக்கிறேன். இயற்பியல் நூல்களில் உள்ள ‘உடனொளிர்தல்’ (fluorescence), ‘நின்றொளிர்தல்’ (phosphorescence) என்ற இணையை அப்படியே எடுத்துக்கொண்டால் புதிதாக உழைக்க வேண்டியதில்லை. இருளில் வைத்தாலும் சற்று நேரம் ஒளிரும் இழைகளும் பொய்ப்பூச்சி கட்டுவோரிடம் புழங்குவதால் இரண்டு சொல்லும் தேவைப்படும். புறஊதாவைத் திருப்பி அனுப்பும் வகைக்கு ‘எதிரொளிர்’ என்று எழுதினால் ‘ஒளிர்’ என்ற பகுதி மறுபடியும் குழப்பும். ‘எதிரொளிப்பு’ என்று முழுமையாகவே எழுதுவோம். ஈழத்து நண்பர்கள் ‘தெறிப்பு’ என்று எழுத விரும்பினால் அதையும் இணைச்சொல்லாகச் சேர்க்கலாம்.

அகரமுதலியில் சேர்ப்பதற்கான வரைவு:

புறஊதா எதிரொளிப்புச் சாயம்: புறஊதாக் கதிரை அலைநீளம் மாறாமல் திருப்பி அனுப்புவது, மனிதக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

உடனொளிர் சாயம்: குறுகிய அலைநீள ஒளியை உட்கொண்டு நீண்ட அலைநீளத்தில் உடனே வெளியிடுவது, ஒளிமூலம் அகன்றதும் நின்றுவிடும்.

நின்றொளிர் சாயம்: ஒளிமூலம் அகன்ற பின்னும் சிறிது நேரம் ஒளியை வெளியிடுவது.

மூன்று விளக்கங்களிலும் மீன் என்ற சொல்லையே சேர்க்காமல் விட்டிருக்கிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் சொல்லோடு சேர்த்து விளக்கத்தையும் திருத்தி அனுப்ப வேண்டுகிறேன்.

அன்புடன்.