ராணுவ எண் இல்லாமல் தாத்தாவின் பட்டாலியனைக் கண்டுபிடிக்க முடியுமா?

வணக்கம். வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் எங்களுடையது. சமீபத்தில் மூன்று பெரியவர்கள் இறந்துவிட்டார்கள். ஜனவரி 26-க்குள் அவர்கள் விவரத்தோடு நினைவுப் பலகை வைக்கிறோம். இருவருடையது கிடைத்துவிட்டது. என் தாத்தாதான் சிக்கல்.

மெட்ராஸ் ரெஜிமென்ட். 1971 போரில் கிழக்கு முனை. கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பூர்வி ஸ்டார் பதக்கம் இருப்பதால் அது தெரியும். (வீட்டில் சண்டை பற்றி வாயே திறக்கமாட்டார், கேன்டீன் ரம் பற்றி மட்டும் பேசுவார்.)

டிஸ்சார்ஜ் புக்கைக் கரையான் அரித்துவிட்டது. பென்ஷன் கிடைக்கும் அளவு சர்வீஸ் முடிக்கும் முன்பே வந்துவிட்டதால் பிபிஓ (பென்ஷன் ஆணை) கிடையாது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் அவர் பதியவில்லை. பதக்கத்தில் எண்ணின் கடைசி மூன்று இலக்கம்தான் தெரிகிறது. கூடப் போனவர்கள் யாரும் உயிரோடில்லை.

பெயர், ஊர், அந்த மூன்று இலக்கம் இவற்றை மட்டும் வைத்து வெலிங்டன் ரெக்கார்ட்ஸில் (மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகம்) விவரம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?