ஆழ்துளைக் கிணற்று நீரில் குரோமியம்: டி.டி.எஸ். அளவை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி (வாலாஜாவாசி):

வணக்கம். இராணிப்பேட்டை சிப்காட்டுக்குச் சற்றுத் தள்ளி எங்கள் குடும்பம் அண்மையில் ஒரு வீடு வாங்கியது. குழாயில் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்பதால், சமையலுக்கும் பல வேளைகளில் குடிப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகிறோம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, உப்பும் அதிகமில்லை. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தம்ளருக்குள் விட்டு, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) லிட்டருக்கு 480 மில்லிகிராம் என்று காட்டி, இந்த நீருக்குப் புற ஊதாக் கதிர் இயந்திரமே போதும் என்றார். ஆனால், முன்பெல்லாம் இப்பகுதிக் கிணறுகள் சிலவற்றில் மஞ்சளாகத் தண்ணீர் வந்ததாகத் தெருவில் உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. இந்த நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா? எதைச் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (நீர்ப்பகுப்பாய்வாளர்):

அந்தப் பெரியவர்கள் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம். சிப்காட்டில் 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஏறத்தாழ 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவைத் திறந்த வெளியிலேயே குவித்துவிட்டுப் போனது. குரோமியத் தாதுவைச் சோடா உப்புடன் வறுத்து டைகுரோமேட் தயாரிக்கும்போது மிஞ்சுகிற அந்தக் கழிவில், நீரில் எளிதாகக் கரையக்கூடிய அறுமதிக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்; நீரை மஞ்சளாக்குவதும் இதுதான்) எஞ்சியிருக்கும். ஒவ்வொரு மழையும் அதில் ஒரு பங்கைக் கரைத்து நிலத்துக்குள் இறக்குகிறது. ஆலை மூடப்பட்டதால் மாசு நின்றுவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

டி.டி.எஸ். கருவி நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். இந்தியக் குடிநீர்த் தரம் மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்கள் நீரில் அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் அது அரை மில்லிகிராம்தான். 480 என்ற எண்ணில் அது தெரியவே தெரியாது. கண்ணையும் நம்ப முடியாது, ஏனெனில் நீர் மஞ்சளாகத் தெரிய வேண்டுமானால் குரோமியம் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்க வேண்டும்.

கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். புற ஊதாக் கதிரும் கிருமிகளை மட்டுமே அழிக்கும். சவ்வு நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரம் குரோமியத்தின் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள், இயந்திரம் வாங்கினால் அதிலிருந்து வரும் நீரையும் சோதியுங்கள்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து அல்லாமல் கிணற்றுக் குழாயிலிருந்தே நீரைப் பிடிக்க வேண்டும். ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் புட்டிகளையே பயன்படுத்துங்கள். மொத்த உலோகங்களுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். அறுமதிக் குரோமியத்துக்கான புட்டியில் அமிலம் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அது நச்சு குறைந்த மும்மதி வடிவத்துக்கு மாறிவிடும். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இது பாறைப் பகுதி; நீர் பாறையிடுக்குகளின் வழியே ஓடுவதால், அடுத்தடுத்த கிணறுகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை எனச் சோதிப்பது நல்லது.

பதில் (பாலாற்றங்கரை):

ஆலைக் கழிவைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தோல் தொழிற்சாலைகளை விட்டுவிட்டீர்களே. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளால் பாலாறு பாழானதைப் பற்றித்தான் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் எத்தனையோ கிணறுகளைக் குடிநீருக்கு ஆகாதென்று மக்கள் கைவிட்டார்கள். குரோமியம் அங்கிருந்தும்தானே வருகிறது?

பதில் (நீர்ப்பகுப்பாய்வாளர்):

உண்மைதான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் வேதியியல் நோக்கில் இரண்டும் வேறு. தோல் பதனிடப் பயன்படுவது மும்மதிக் குரோமியம். அது நடுநிலையான நீரில் அவ்வளவாகக் கரையாமல் சேற்றிலும் மண்ணிலும் படிந்துவிடுகிறது. அக்கிணறுகளைக் குடிக்க முடியாதவையாக ஆக்கியது பெரும்பாலும் உப்புதான். நாக்கில் வைத்தாலே உப்புத் தெரிந்துவிடும், மக்கள் அந்த நீரை ஒதுக்கிவிடுவார்கள். அறுமதிக் குரோமியமோ குறைந்த அளவில் சுவையும் நிறமும் காட்டாமல் நிலத்தடி நீரோடு நகர்ந்து போகிறது. அதைத்தான் நான் கூடுதலாக அஞ்சுகிறேன். அதை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது ஐயமின்றி நிறுவப்பட்ட செய்தி. குடிநீரில் கலந்து கொடுத்தபோது எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வாயிலும் சிறுகுடலிலும் கட்டிகள் தோன்றியதை 2008-இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு காட்டியது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் அறுமதிக் குரோமியத்துக்கென்றே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று தனி வரம்பு வகுத்திருக்கிறது. நமக்கு மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு மட்டுமே இருக்கிறது. இராணிப்பேட்டை போன்ற ஊர்களுக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர் (வாலாஜாவாசி):

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே நீர் பிடித்துத் தனியார் ஆய்வகம் ஒன்றில் கொடுத்தேன். அறிக்கையில் குரோமியத்துக்கு நேரே "கண்டறியும் எல்லைக்குக் கீழ்" என்றும், அடிக்குறிப்பில் அந்த எல்லை 0.1 மில்லிகிராம் என்றும் போட்டிருக்கிறார்கள். இதை வைத்து நிம்மதியாக இருக்கலாமா? ஆர்.ஓ. பொருத்தினால் வெளியேறும் கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

பதில் (நீர்ப்பகுப்பாய்வாளர்):

அடிக்குறிப்பைப் படித்தீர்களே, நல்லது. வரம்பு 0.05 ஆக இருக்கும்போது 0.1-க்குக் கீழே எதையும் காண முடியாத முறையில் சோதித்திருக்கிறார்கள் என்றால், உங்கள் நீரில் 0.09 இருந்தாலும் இதே வாசகம்தான் அச்சாகியிருக்கும். ஆகவே அந்த அறிக்கை உங்கள் கேள்விக்கு விடையே அல்ல. 0.005 வரையாவது காணக்கூடிய கருவியில் மீண்டும் சோதிக்கும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள், அறுமதிக் குரோமியத்தின் அளவையும் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரில் உலோகம் செறிந்திருக்கும் என்பதால், முடிவு தெரியும்வரை அதைக் கீரைப் பாத்திக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ விடாதீர்கள், கழிவறைக்கு ஊற்றிக்கொள்ளலாம். குழந்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும், முறை வரும் நாளில் குழாய்க் குடிநீரைப் பிடித்து மூடி வைத்து அதையே கொடுங்கள்.