கரண்டும் வெந்நீரும் சேர்ந்து தரும் சோலார் பேனல்: போட்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில் எங்கள் மொட்டை மாடியில் வெயில் நன்றாக விழும் இடம் கொஞ்சம்தான். அதில் கரண்டுக்குப் பேனல் வைத்தால் சோலார் வாட்டர் ஹீட்டருக்கு இடமில்லை. அதனால் இரண்டும் ஒன்றாக வரும் பிவிடி பேனல் போட யோசிக்கிறோம்.

சாதாரணப் பேனலில் விழும் வெயிலில் சுமார் 20 சதவீதம்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. பேனல் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். பிவிடியில் பேனலின் பின்பக்கக் குழாயில் தண்ணீர் ஓடினால் பேனல் குளிரும், தண்ணீர் சூடாகும். ஊட்டிக் குளிரில் பேனல் குளிர்வதால் கூடும் கரண்டு குறைவுதான், இடம் மிச்சமாவதுதான் எனக்குப் பெரிது. 40, 45 டிகிரி வந்தால் போதும், மிச்சத்தைக் கீசர் பார்த்துக்கொள்ளும்.

பெரிய கவலை உறைபனி. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் செம்புக்குழாயே வெடித்துவிடும். கிளைக்கால் (glycol, உறையாமல் தடுக்கும் திரவம்) கலந்த தண்ணீரைத் தனிச் சுற்றில் ஓடவிட்டு, தொட்டிக்குள் சுருள்குழாய் வழியாகச் சூட்டைக் கொடுக்கும் முறையை நீலகிரி, கொடைக்கானல் பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா? கசிவு வந்தால் சரிசெய்ய ஆள் கிடைக்கிறார்களா? வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டே, இந்த வகைப் பேனலுக்கும் கிடைத்ததா?

அம்மாவுக்கு மூட்டுவலி, வெந்நீர் இல்லாமல் ஒருநாளும் முடியாது. விற்பவர்களைவிட, வீட்டில் வைத்திருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.